எஃப் சிக்ஸில் ஒரு பொட்டு

அவர் நெற்றியில் பொட்டு வைப்பதில்லை. விசைப்பலகைக்கு வைப்பார்.

பதுளைக் கடைவீதியில் அட்டையில் விற்கும் ஒட்டுப்பொட்டுத்தான். சிவப்பு, மெரூன், மஞ்சள் என்று கலந்து வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். வாங்கிவரப் போவது எங்கள் பியோன் பண்டா மாமா. கடைக்காரர் ஒருமுறை அவரிடம், "என்ன பண்டா, வீட்டில மகளுக்குக் கல்யாணமா?" என்று கேட்டாராம். பண்டா மாமா தனக்குத் தெரிந்த தமிழில், "இல்ல, எங்க மிஸ்ஸு பெட்டிக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு வந்து அதை அலுவலகம் முழுக்க நடித்துக் காட்டினார். மிஸ் சிரிக்கவில்லை. சிரிப்பதும் அவருக்கு ஒரு வேலைதான்.

எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர். கோயிலுக்குப் போகாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். தொண்ணூறுகளின் நடுவில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, எங்கெங்கோ தங்கி, கடைசியில் பதுளையில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் வட்டார அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவர். நான் அதே அலுவலகத்தில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். பார்த்தால் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

அவரைப் பற்றி ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமென்றால் அவர் வாயிலிருந்தே எடுக்கலாம். "அலுப்பு."

தேநீருக்குச் சீனி போடமாட்டார். பிடிக்காமல் இல்லை. "போட்டாக் கலக்க வேணுமே" என்பார். குடையை மடிக்கமாட்டார், விரித்தபடியே மூலையில் கவிழ்த்துவிடுவார். பேச்சிலும் பாதியை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர்கள் எல்லோரும் பிள்ளை. பெரியவர்கள் எல்லோரும் ஐயா, அம்மா. "பேரை ஞாபகம் வச்சிருக்கிறதும் ஒரு அலுப்புத்தானே" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

இந்த அலுப்புத்தான் அவரை விசைப்பலகையின் பக்கம் கொண்டுபோனது.

எங்கள் அலுவலகத்தில் முதலில் இருந்தவை வெறும் திரைகள். கண்ணாடி அறைக்குள் ஒரு பெரிய கணினி, வெளியே அதனோடு கம்பியால் இணைத்த திரைகளும் விசைப்பலகைகளும். தோட்டங்களில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எவ்வளவு கொழுந்து எடுத்தார் என்பதெல்லாம் அந்தப் பெரிய கணினிக்குள் போகும். நான் சேரும்போது அந்தத் திரைகள் பழுதாகி, அவற்றின் இடத்தில் சாதாரணக் கணினிகள் வந்திருந்தன. ஆனால் பெரிய கணினிக்குப் பழைய திரையோடுதான் பேசத் தெரியும். ஆகவே புதியவற்றுக்குள் ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார்கள். அது புதிய கணினியைப் பழைய திரையாக நடிக்க வைக்கும்.

நடிப்பில் ஒரு குறை இருந்தது. பழைய விசைப்பலகையில் இருந்த சில விசைகள் புதியதில் இல்லை. எந்த விசை எந்த விசையாக நடிக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும், விசைப்பலகையின் படம் வரும். படத்தில் ஒரு விசையைத் தேர்ந்து, இதை அழுத்தினால் இன்னது போகட்டும் என்று எழுதிவைத்தால் சரி. ஓர் எழுத்து போகலாம், ஒரு கட்டளை போகலாம், ஒரு முழுச் சொல்லே போகலாம்.

மற்றவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. மிஸ் அதிலேயே குடியிருந்தார்.

அவருடைய வலது கை விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். மழைக்காலத்தில் நீட்டவே முடியாது. வலது பக்கத்து விசைகளின் வேலையையெல்லாம் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு விசையை ஒன்றாக அழுத்த வேண்டிய இடத்திலெல்லாம் ஒன்றே போதும் என்று ஆக்கினார். மாற்றிய விசை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. மஞ்சள் என்றால் அடுத்த பக்கம், சிவப்பு என்றால் சேமி. அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

அவர் காய்ச்சலில் வராத ஒரு நாள் என்னை அந்தக் கணினியில் உட்காரச் சொன்னார்கள். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், உயர்தரம் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வராது, அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. நான் பத்து விரலாலும் பார்க்காமல் தட்டச்சு செய்வேன், அதற்குச் சான்றிதழும் இருந்தது. அந்தப் பெருமையோடு உட்கார்ந்தேன். அழிக்கப் போனால் சேமித்தது. சேமிக்கப் போனால் வெளியே வந்தது. நான் வழக்கமான இடத்தில் எதை அழுத்தினாலும் அங்கே வேறொன்று இருந்தது. மத்தியானம் வரை போராடிவிட்டு என் மேசைக்கே போய்விட்டேன்.

மறுநாள் வந்தவர் திரையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"பிள்ளை, இதில இருந்தனீரோ?"

"ஆமாங்க மிஸ். ஒண்ணும் வெளங்கல. எல்லாரும் பாவிக்கிற மாதிரி இருந்தா என்னாங்க?"

"எல்லாரும் பாவிக்கிற மாதிரி எண்டா எல்லாற்ற கையும் எனக்கு வேணும்" என்றார்.

அவர் வந்த புதிதில் நடந்த ஒரு கதையைப் பண்டா மாமா அடிக்கடி சொல்வார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். வேலைக்குப் போனால் பேர் விழும். கொழுந்து நிறை குறைந்தால் பாதி நாள்தான் கணக்கு, அது 'அரைப்பேர்'. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு இது எப்படித் தெரியும்? லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து கவுண்டரில் அழுதிருக்கிறாள்.

"மிஸ், நான் நெறையக் கொழுந்து எடுத்தேங்க. எனக்கு அரைப்பேரு போட்டுட்டாங்க."

மிஸ் திரையைப் பார்த்திருக்கிறார். பெயர் முதலெழுத்தோடு நீளமாகச் சரியாக இருந்தது.

"இல்லையே அம்மா, முழுப்பேரும் வடிவாக் கிடக்கே."

"முழுப்பேரா?"

"ஓம். ஒரு எழுத்தும் குறையேல்லை."

அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். சம்பள நாளன்று அரைச் சம்பளத்தைக் கண்டதும் லயத்துப் பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்கு மிஸ் கேட்ட ஏச்சைப் பண்டா மாமா தாளம் போட்டுச் சொல்லிக் காட்டுவார். அதற்குப் பிறகு மிஸ் அந்தச் சொல்லை மறக்கவில்லை. மறக்காமல் வைத்திருந்த ஒருசில சொற்களில் அதுவும் ஒன்று.

எஃப் சிக்ஸ் கதைக்கு வருகிறேன்.

கம்பனி தோட்டங்களைப் பொறுப்பேற்ற பிறகு, பழைய பதிவுகளில் இருந்த எல்லாத் தொழிலாளர்களின் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் கணினிக்குள் ஏற்றினார்கள். ஏற்றியவர் மிஸ். தோட்டத்துப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு லயத்தில் நாலு ராமசாமி, மூன்று மாரியாயி. லெட்சுமிகளுக்குக் கணக்கே இல்லை. கொஞ்ச நாள் எழுத்தெழுத்தாக அடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, மேல் வரிசையில் இருந்த எஃப் விசைகளில் பெயர்களை ஏற்றிவிட்டார். எஃப் ஃபைவ் ராமசாமி. எஃப் செவன் மாரியாயி. எஃப் எயிட் பெருமாள். நடுவில் எஃப் சிக்ஸ், லெட்சுமி. அதற்கு மெரூன் பொட்டு. ஒருமுறை அழுத்தினால் எல், ஈ, டி, சி, எச், யூ, எம், வை என்று எட்டெழுத்தும் கடகடவென்று திரையில் வந்து விழும்.

அது எல்லோருக்கும் வேடிக்கை. தோட்டத்துப் பெண் யார் படியேறி வந்தாலும் பண்டா மாமா வாசலில் நின்றபடி, "மிஸ், லெச்சுமி வந்தது!" என்று குரல் கொடுப்பார். வந்தவள் உண்மையிலேயே லெட்சுமியாக இருந்துவிட்டால் அவருக்குத் தாங்காத சந்தோஷம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். என் மேசையில் நான் ஒவ்வொரு பெயரையும் முழுசாக அடித்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள், "பிள்ளைக்கு இப்ப விரல் கிடக்கு" என்றார்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்த பெட்டியை மூடக்கூட அலுத்துத் திறந்தபடி வைத்திருந்தபோது, தானாகவே சொன்னார். ஊரை விட்டு வரும்போது அவரை வவுனியாவில் ஒரு முகாமில் நிறுத்திவைத்தார்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கையில் கொடுத்த பயண பாஸில் ஒரு மாதிரி, அவருடைய பெயரில் ஓரெழுத்து வேறுபட்டிருந்தது. ரெண்டும் ஒரே ஆளா என்று விசாரித்து முடிக்கும்வரை வெளியே விடவில்லை. தாயார் கூட இருந்தார். முகாமை விட்டு வெளியே வந்தபோது தாயார் இல்லை.

"எழுதினவனுக்கு அது ஒரு எழுத்து" என்றார். "அதுதான், ஒரு பேரெண்டா ஒரு மாதிரித்தான் இருக்க வேணும். எல்லா இடத்திலயும். எவன் எழுதினாலும்."

பெட்டியை மூடினார். அவர் பொட்டு ஒட்டியது அலுப்பினால் மட்டுமில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

என் அம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்றது அதற்கு அடுத்த வருடம். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் சிறுபிள்ளைக் காலத்திலிருந்து கொழுந்து எடுத்தவர். ஓய்வுப் பணத்துக்கான பத்திரங்களை நானே நிரப்பி, நானே கையெழுத்துக்குக் கொண்டுபோய், நானே கொழும்புக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டில் ஒரு பத்திரத்தை அடுத்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாத முதல் காரியம் அது.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டையில் இருக்கும் ஆள் வேறு, கம்பனி கணினியில் இருக்கும் ஆள் வேறு. அட்டையில் சிங்கள எழுத்தில் லெச்சமி. எங்கள் கணினியில் ஆங்கில எழுத்தில் லெட்சுமி. அப்படி ஒரு லெட்சுமி இத்தனை வருடம் வேலை செய்தது நிச்சயம், ஆனால் அது இந்த லெச்சமிதான் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று எழுதியிருந்தது. அம்மாவின் முழு உழைப்பும் இல்லாத ஒருத்தியின் பெயரில் கிடந்தது.

பழைய பதிவைத் தேடி எடுத்தேன். அந்தக் காலத்துக் கிளாக்கரய்யா அட்டையைப் பார்த்து அட்டையில் உள்ளபடியே எழுதியிருந்தார். அதைக் கணினியில் ஏற்றும்போதுதான் மாறியிருந்தது. அதே பக்கத்தில் லெச்சுமி என்றும், லட்சிமி என்றும், லெட்சமி என்றும் வேறு பெண்களும் இருந்தார்கள். கணினியில் எல்லோரும் ஒரே எட்டெழுத்து.

பதிவையும் திருப்பி வந்த பத்திரத்தையும் கொண்டுபோய் மிஸ்ஸின் விசைப்பலகைக்கு மேலேயே வைத்தேன்.

"இது எங்கம்மாங்க மிஸ்."

அவர் வாசித்தார். பதிவைப் பார்த்தார். எஃப் சிக்ஸைப் பார்த்தார். நான் பேசினேன்.

"ஒங்க பேருல ஒரு எழுத்து மாறுனதுக்கு எத்தன வருசமா கவலப்படுறீங்க. இந்தப் பக்கத்துல எத்தன எழுத்த மாத்தியிருக்கீங்க பாருங்க."

பண்டா மாமா வாசலில் நின்றவர் மெல்ல வெளியே போய்விட்டார்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும், பிள்ளை" என்றார் மிஸ். "அட்டையோட."

அம்மா பஸ்ஸில் வந்தார். வெளியூர் போக வைத்திருந்த ஒரே நல்ல சேலை, காதோரம் எண்ணெய். நான் வேலை செய்யும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். படியிலேயே செருப்பைக் கழற்றினார். நான் போட்டுக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. பண்டா மாமா அன்றைக்கு லெச்சுமி என்று குரல் கொடுக்காமல் கதிரையை இழுத்துப் போட்டார்.

மிஸ் தன் கணினிக்குப் பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்தார்.

"அம்மா, உங்கட பேர் என்ன?"

"லெச்சிமிங்க."

"லெச்சிமி?" மிஸ் என்னைப் பார்த்தார். அது அட்டையிலும் இல்லை, கணினியிலும் இல்லை, பதிவிலும் இல்லை. அம்மாவின் வாயில் மட்டும் இருந்தது.

அம்மாவின் கண் விசைப்பலகையில் ஓடியது. "என்னாங்க மிஸ், இதுக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க? ஆயுத பூசையா?"

மிஸ் சிரித்தார். நான் பார்த்திருந்த வரையில் அது அபூர்வம். "அந்த மெரூன் பொட்டை ஒருக்கா அமத்துங்கோ."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கொழுந்துக் கறை ஊறிக் கறுத்து வெடித்த விரல். சூடான இரும்பைத் தொடுவதுபோல் தொட்டு எடுத்தார். திரையில் எட்டெழுத்தும் ஓடி வந்து விழுந்தது.

"ஒத்த அமுக்குல இம்புட்டும் வந்துருச்சா! என்னா எழுதியிருக்கு?"

"லெட்சுமி எண்டு" என்றார் மிஸ்.

"அது நானா?"

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. "இல்லை அம்மா" என்றார்.

பிறகு அந்த எட்டெழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தார். அம்மாவின் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, வீங்கிய விரலால் எழுத்தெழுத்தாக அடிக்கத் தொடங்கினார். எல். ஈ. சி. எச். ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டையைப் பார்த்தார். நான் அடிக்கிறேன் என்று சொன்னேன். "வேண்டாம்" என்றார். மழைக்காலம். அந்த ஒரு பெயரை அவர் அடித்து முடிப்பதற்குள் நான் ஒரு பக்கம் முடித்திருப்பேன்.

முடித்ததும் அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்து விளங்க ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்தார்.

"இப்ப சரியாங்க மிஸ்? அரைப்பேரு இல்லையே?"

"இல்லை அம்மா. முழுப்பேர்" என்றார் மிஸ். இந்தத் தடவை சொல்லின் இரண்டு பொருளும் தெரிந்துதான் சொன்னார்.

அன்று நாங்கள் கிளம்புமுன் மிஸ் நகத்தால் எஃப் சிக்ஸின் பொட்டைச் சுரண்டி எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து அதிலிருந்த பெயரை அழித்தார். புதிதாக எதையும் போடவில்லை. அதற்குப் பிறகு அந்த விசையை யாராவது அழுத்தினால், என்ன சொல்கிறாய் என்று விளங்காமல் பெரிய கணினி 'டொங்' என்று ஒரு மணி அடிக்கும். அவ்வளவுதான். மறுநாள் மற்றப் பெயர்களின் பொட்டுகளும் போயின.

அம்மாவின் பத்திரங்கள் திருத்திப் போய், இரண்டாம் முறை திரும்பி வரவில்லை. அது முடிந்தது. மிஸ்ஸுக்கு வேலை முடியவில்லை. தோட்டங்களுக்குச் சொல்லியனுப்பினார், பேர் பார்க்க வேணும், அட்டையோடு வரச் சொல்லி. லுணுகலையிலிருந்தும் ஹாலிஎலையிலிருந்தும் சனிக்கிழமைகளில் பெண்கள் வந்தார்கள். படியில் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். பண்டா மாமாவுக்குப் பழக்கம் விடவில்லை, வாசலில் நின்று, "மிஸ், லெச்சுமி வந்தது" என்பார்.

மிஸ் தலையைத் தூக்காமல் கேட்பார், "எந்த லெச்சுமி?"

வந்தவள் தகப்பன் பெயர் சொல்லி, தோட்டம் சொல்லி, கொழுந்து எடுத்த மலை சொல்லி, அட்டையை நீட்டுவாள். மிஸ் எழுத்தெழுத்தாக அடிப்பார். அதே தேநீர், அதே சீனியில்லாமல். "அலுப்பு" என்ற சொல்லை மட்டும் அந்த மாதங்களில் நான் கேட்கவில்லை. அலுப்பு அவர் முகத்தில் இருந்தது, தோளில் இருந்தது, மாலையில் குடையை எடுக்கும் கையில் இருந்தது. சொல்லக்கூட மிச்சமில்லை போலும்.

எல்லா லெட்சுமிகளும் வரவில்லை. சிலர் செத்துப்போயிருந்தார்கள். சிலர் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் இந்தியாவுக்கு. "வராத ஆக்களை என்ன செய்யிறது, பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டார். பழைய பதிவு இருந்தால் அதைப் பார்த்துத் திருத்தலாம் என்றேன். சில தோட்டங்களின் பதிவுகளைக் கறையான் தின்றிருந்தது.

போர் ஓய்ந்து பாதை திறந்த காலம் வந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாழ்ப்பாணம் போனார். வரவில்லை. வீடு இருந்ததா, இல்லையா என்றும் தெரியவில்லை. ஒரு கடிதம் போடலாம். அதற்கும் அலுப்பாக இருந்திருக்கும்.

அவருடைய மேசை எனக்கு வந்தது. விசைகளையெல்லாம் பழையபடி மாற்றித் தருகிறேன் என்றார் கொழும்பிலிருந்து வந்த, கணினி பார்க்கிற சேர். பெரும்பாலானவற்றை மாற்றினார். எஃப் சிக்ஸைப் பார்த்துவிட்டு, "இது சும்மாதானே கிடக்கு, அடிக்கடி வாற பேர் ஒண்டைப் போட்டுவிடவா? உமக்கு வேலை சுகம்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். எனக்குப் பத்து விரலும் நன்றாக இருக்கிறது என்றேன்.

பொட்டைச் சுரண்டிய இடத்தில் பசை மிஞ்சி, அதில் தூசி படிந்து, கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறது. துடைத்தால் போகவில்லை. மாதக் கடைசியில், பெயர் பெயராக அடித்துக் கை ஓய்ந்துபோகும் பின்னேரங்களில், என் விரலும் தவறி அதில் பட்டுவிடும். டொங் என்று மணி அடிக்கும். பண்டா மாமாவுக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் அந்த மணி மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

"லெச்சுமி வந்தது!" என்பார் வாசலிலிருந்து.

"எந்த லெச்சுமி?" என்று நான் கேட்பேன்.